பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லுங்கள்!

கார் வாங்குகிற விஷயத்தில் நம் வீடுகளில் பெண்களிடம் கேட்கப்படுகிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "உனக்கு என்ன கலர் பிடிச்சிருக்கு?" மற்ற சமாசாரங்களை எல்லாம் ஆண்கள் முன்னாலேயே பேசி முடித்திருப்பார்கள். எத்தனை குதிரை சக்தி, எத்தனை அங்குல டி.வி., மேலே கண்ணாடிக் கூரை உண்டா இல்லையா என்று ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் செல்போனில் படம் பார்த்துத் தீர்மானம் செய்திருப்பார்கள். நாம் வெள்ளையா, நீலமா என்று சொல்லிவிட்டு பூஜைக்குத் தேங்காய் எடுத்து வைக்க வேண்டியது!

சகோதரிகளே, ஒரு கிரைண்டர் வாங்க நாம் எத்தனை கடை ஏறி இறங்குகிறோம்? கல்லைத் தூக்கிக் கழுவ வருமா, சத்தம் போடுமா, ரிப்பேர் என்றால் ஆள் வருவானா என்று எவ்வளவு கேட்கிறோம்? இருபது, இருபத்தைந்து லட்சம் போட்டு வாங்குகிற வண்டிக்கு அந்தக் கேள்விகள் வேண்டாமா? அதில் தினமும் குழந்தைகளை ஏற்றி இறக்கப் போவது நாம்தானே.

இதை இப்போது எழுதக் காரணம், சென்ற ஒரு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் இதே யோசனையைக் கேட்டுவிட்டார்கள். எங்கள் புதுவாயலைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னையிலிருந்து கல்கத்தா போகிற நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டிக்கு முன்னால் இருக்கிற ஊர். இங்கிருந்துதான் பெரியபாளையத்துக்கு ரோடு பிரிகிறது. ஒரு பக்கம் சிப்காட் தொழிற்சாலைகளுக்கு இரும்புச் சுருள் ஏற்றிப் போகும் டிரெய்லர்கள், இன்னொரு பக்கம் கல்லூரி பஸ்கள், ஆடி மாதம் வந்தால் பவானி அம்மனுக்கு வேண்டுதல் செய்துகொண்டு போகிறவர்கள் நிரம்பிய வேன்கள். வீட்டு வாசலைத் தாண்டினால் சர்வீஸ் ரோடு, அதில் எதிர்த் திசையில் வருகிற மோட்டார் சைக்கிள்கள். இந்த ரோட்டில் குழந்தைகளை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப் போகும் தாய்மார்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். ஆகவே, பெரிய வண்டி வேண்டும் என்கிற ஆசையை வெறும் டம்பம் என்று நான் ஒதுக்க மாட்டேன்.

என் அக்கா மகள் இதே ஊரில்தான் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. போக வரக் கம்பெனி பஸ். வண்டியை வாரத்தில் ஆறு நாள் ஓட்டப் போவது அவள்தான். ஆறு வயதில் ஒரு பையன், இரண்டு வயதில் ஒரு பெண், முழங்கால் வலியோடு மாமியார். 2024 தை மாதத்தில் அவர்கள் இரண்டு வண்டிகளில் வந்து நின்றார்கள். ஒன்று டாடா சஃபாரி, மற்றொன்று மகிந்திரா எக்ஸ்.யூ.வி.700. "சித்தி, நீங்களும் கூட வாங்க. அவரு என்ஜினைத் திறந்து பார்த்துக்கிட்டே இருப்பாரு, நாம உள்ளே உட்கார்ந்து பார்ப்போம்" என்று கூப்பிட்டாள். கெட்டிக்காரி!

சஃபாரி என்கிற பெயர் நமக்குப் புதிதல்ல. 1998-ல் முதன்முதலாக வந்தபோது பண்ணையார் வண்டி மாதிரி பின்னால் ஸ்டெப்னி டயரைச் சுமந்துகொண்டு வந்தது. இப்போது இருப்பது 2021-ல் வேறு உருவத்தில் வந்து, 2023 அக்டோபரில் முகம் மாற்றப்பட்டது. எக்ஸ்.யூ.வி.700-ம் 2021-ல் வந்ததுதான். அதை உருவாக்கிய ஆராய்ச்சி நிலையம் நம் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் இருக்கிறது என்பது நமக்கு ஒரு சின்னப் பெருமை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி டேப் வைத்து அளந்தால் ஆச்சரியமாக இருக்கும். நீளத்தில் இரண்டுக்கும் மூன்று சென்டிமீட்டர்கூட வித்தியாசமில்லை. அகலத்தில் சஃபாரி மூன்று சென்டிமீட்டர் அதிகம், உயரத்தில் நாலு. 'எது பெரிசு' என்று வாதம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டுமே உங்கள் தெருவில் திரும்ப வேண்டிய வண்டிகள். இரண்டுமே ஏறக்குறைய 4 மீட்டர் 70 சென்டிமீட்டர். வீட்டு கேட்டை முதலில் அளந்துகொண்டு போங்கள். பக்கக் கண்ணாடிகளை மடக்காமல் நுழைய வேண்டும், இரண்டு பக்கமும் கதவைத் திறந்து குழந்தையைத் தூக்குகிற இடம் வேண்டும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வண்டி உள்ளே போய்விட்டது, ஆனால் ஒரு பக்கக் கதவுதான் திறக்கிறது!

கடைக்குப் போவதற்கு முன் அக்கா மகள் ஒரு காரியம் செய்தாள். கேஸ் சிலிண்டர், பால் கணக்கு எழுதுகிற நோட்டில் இரண்டு வாரத்துக்கு ஒவ்வொரு பிரயாணத்தையும் குறித்து வைத்தாள். எங்கே போனோம், எத்தனை கிலோமீட்டர், யார் யார், கையில் என்ன சுமை. எழுதிப் பார்த்ததில் தெரிந்தது இதுதான். பள்ளிக்கூடம், மளிகை, கிளினிக் எல்லாமே மூன்று, நாலு கிலோமீட்டருக்குள். வாரத்துக்கு ஒருமுறை பெரம்பூரில் அம்மா வீடு. நெடுஞ்சாலை வழியாக ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். ஐந்து பேருக்கு மேல் ஏறியது இரண்டு வாரத்தில் ஒரே ஒரு நாள், நாத்தனார் குடும்பம் வந்தபோது. கதை கதையாய்ப் பேசுகிற விற்பனைப் பையன்களுக்கு முன்னால் இந்த ஒரு பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டால் நாம் அலைபாய மாட்டோம்.

இனி முக்கியமான விஷயம். குழந்தை எங்கே உட்காரும்?

"மடியில்தான், வேறெங்கே?" என்பீர்கள். ஜாக்கிரதை! வண்டி ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலாவது மோதி நின்றால், மடியில் இருக்கிற பத்து கிலோ குழந்தையை எந்தத் தாயாலும் பிடித்து வைக்க முடியாது. கை பலம் அல்ல, அந்த நொடியில் குழந்தையின் எடை பல மடங்காகிவிடுகிறது. முன் சீட்டில் மடியில் வைத்திருந்தால் இன்னும் ஆபத்து. பெரியவர்களைக் காக்க வெடித்து விரிகிற ஏர்பேக், நடுவில் இருக்கும் குழந்தையின் தலையில்தான் அறையும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பதினாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிப் போனால் 1,000 ரூபாய் அபராதம். அபராதம் கிடக்கட்டும், பின் சீட்டில் பெல்ட் போடாமல் உட்காருவது எத்தகையது என்பதை 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே விபத்தில் மறைந்தபோது நாடே பேசியது. பணமும் பெரிய வண்டியும் இருந்தும் அந்தப் பட்டையை இழுத்து மாட்டாததுதான் குறை.

இப்போது இந்த இரண்டு வண்டிக்கும் வருவோம். மோதல் சோதனை செய்து நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்.சி.ஏ.பி. என்கிற அமைப்பு, 2021-ல் எக்ஸ்.யூ.வி.700-க்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரமும், குழந்தைகள் பாதுகாப்பில் நாலு நட்சத்திரமும் கொடுத்தது. குழந்தைகளுக்கான மார்க் 49-க்கு 41.66. சஃபாரிக்கு 2023-ல் இரண்டிலுமே ஐந்து நட்சத்திரம். குழந்தைகள் மார்க் 49-க்கு 45. அதே ஆண்டு கடைசியில் நம் அரசாங்கம் தொடங்கிய பாரத் என்.சி.ஏ.பி. சோதனையிலும் சஃபாரி ஐந்து வாங்கியது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு சோதனைகளுக்கும் நடுவில் 2022-ல் விதிமுறைகள் கடுமையாக்கப்பட்டன. ஒருத்தி பழைய சிலபஸில் எழுதிய பரீட்சை, இன்னொருத்தி புதிய சிலபஸில் எழுதியது. மார்க்கை மட்டும் பார்த்து 'இது நல்லது, அது மட்டம்' என்று சொல்வது நியாயமில்லை. நம் ரோட்டில் ஓடும் எத்தனையோ வண்டிகள் ஒரு நட்சத்திரம், பூஜ்யம் என்று வாங்கியவை. இரண்டுமே அவற்றைவிட எவ்வளவோ மேல். இருந்தாலும் புதிய, கடினமான பரீட்சையில் குழந்தைக்கு ஐந்து வாங்கியது என்பது தாய்மாருக்கு ஒரு ஆறுதல்தான் என்று எனக்குப் பட்டது.

நட்சத்திரத்தைவிடப் பெரிய வித்தியாசத்தை அக்கா மகள்தான் கண்டுபிடித்தாள். கையோடு குழந்தை சீட்டைக் கொண்டுபோயிருந்தாள்! கடைக்காரப் பையன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "மேடம், இதையா மாட்டப் போறீங்க?" "ஆமாம்ப்பா, வண்டியைவிட எனக்கு இதுதான் முக்கியம்." நடு வரிசை சீட்டின் முதுகும் அடியும் சேருகிற இடுக்கில் கையை விட்டால் இரண்டு இரும்பு வளையம் தட்டுப்படும். ஐஸோஃபிக்ஸ் என்று பெயர். குழந்தை சீட்டின் கொக்கிகள் அதில் 'கிளிக்' என்று மாட்டும். மாட்டியதும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. மேலே ஒரு பட்டை உண்டு. அது சீட்டின் முதுகுக்குப் பின்னால் ஒரு வளையத்தில் மாட்ட வேண்டும். அநேகம் பேர் அதை மாட்டாமல் தொங்க விட்டிருப்பதைப் பார்க்கிறேன்.

சரி, சீட்டு மாட்டியாயிற்று. இப்போது ஆறு வயதுப் பையன் கடைசி வரிசைக்கு எப்படிப் போவான்? நடுவில் நீள பெஞ்ச் மாதிரி இருக்கிற ஏழு சீட் எக்ஸ்.யூ.வி.700-ல் இடது பக்கத்து சீட்டு ஒரு பித்தானைத் தட்டினால் மடங்கிக் குப்புற விழுந்து வழி விடும். அருமையான ஏற்பாடு. ஆனால் நம் ஊரில் குழந்தையை நடைபாதைப் பக்கமாக, அதாவது இடது பக்கம்தான் ஏற்றி இறக்க வேண்டும். டிரெய்லர் போகும் பக்கம் கதவைத் திறந்து நிற்க முடியுமா? இடது பக்கத்தில் குழந்தை சீட்டை மாட்டிவிட்டால் அந்த சீட்டு மடங்காது, வழி அடைபட்டுப் போகும். தினம் இரண்டு தடவை அதைக் கழற்றி மாட்டுவது நடக்கிற காரியமா? ஆகையால் எந்த வண்டி என்றாலும் நடுவில் இரண்டு தனித்தனி நாற்காலியும் இடையில் வழியும் உள்ள ஆறு சீட் வண்டிதான் இரண்டு குழந்தைக்காரிக்குச் சௌகரியம். பெரியவன் அந்த வழியாக நடந்து பின்னால் போய்விடுவான். சஃபாரியில் அது முன்னாலேயே இருந்தது, எக்ஸ்.யூ.வி.700-ல் 2024 ஜனவரியில் வந்தது. இரண்டிலுமே அப்போது மேல் ரகங்களில்தான் கிடைத்தது. பணம் கூடுதல்தான். கண்ணாடிக் கூரைக்குக் கொடுக்கிற பணத்தை இதற்குக் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கண்ணாடிக் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தைகள் கடைக்குள் நுழைந்ததும் கேட்பது அதைத்தான். சித்திரை வெயிலில் திருவள்ளூர் மாவட்டத்தில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு போகிற புண்ணியவதி யார்? திரையை இழுத்து மூடித்தான் வைப்போம். போதாததற்கு, பிள்ளைகள் அதில் ஏறி நின்று தலையை வெளியே நீட்டுகிறார்கள். சடன் பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதவே பயமாக இருக்கிறது.

கடைசி வரிசையில் நீங்களே போய் உட்கார்ந்து பாருங்கள். புடவையோடு! கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். முழங்கால் மோவாயைத் தொடுகிற மாதிரி இருக்கும், இரண்டிலும்தான். பத்து வயதுக்குள் பிள்ளைகளுக்குப் போதும், பெரியவர்கள் பெரியபாளையம் வரை தாங்கலாம், திருப்பதி வரை தாங்க முடியாது. அங்கே உள்ள பெல்ட்டுகளை இழுத்து மாட்டிப் பாருங்கள், ஏ.சி. காற்று வருகிறதா என்று கையை நீட்டிப் பாருங்கள். கடைசி சீட்டை நிமிர்த்தி வைத்தால் அதற்குப் பின்னால் மிஞ்சுகிற இடம் இரண்டு மஞ்சள் பைக்குத்தான் காணும். அரிசி மூட்டையும் வேண்டும், ஆறு பேரும் வேண்டும் என்றால் நடக்காது.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். சம்பந்தியம்மாவையும் கூடவே அழைத்துப் போயிருந்தோம். இரண்டு வண்டியுமே தரையிலிருந்து உயரம். அவர் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி, கோயில் வாகனத்துல ஏறுற மாதிரி இருக்கே!" என்றார். பக்கத்தில் கால் வைக்கப் படி போட்டுக்கொள்ளலாம். ஆனால் படி மிக வெளியே நீண்டால் இறங்கும்போது புடவைக் கரை அழுக்காகும், படி உள்ளே தள்ளியிருந்தால் கால் தடுக்கும். படியைப் பொருத்திய வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, முழங்கால் வலிக்காரரையே ஏற இறங்கச் செய்து பார்க்க வேண்டும். மூன்று தடவை. முதல் தடவை உற்சாகத்தில் ஏறிவிடுவார்கள்; மூன்றாவது தடவைதான் உண்மை தெரியும்.

உயரமான வண்டிகளில் இன்னொரு சங்கதி இருக்கிறது. இதை எழுதத்தான் நான் பேனாவை எடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம். இப்படிப்பட்ட வண்டிகளின் முன் மூக்கு, அதாவது பானட், ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். இரண்டு வயதுக் குழந்தையின் உயரம் எவ்வளவு? எண்பத்தைந்து சென்டிமீட்டர் இருக்கும். வண்டிக்கு முன்னால் குழந்தை வந்து நின்றால் ஓட்டுகிறவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. பின்னால் நின்றாலும் அப்படித்தான். அப்பா வேலைக்குக் கிளம்புகிறார், குழந்தை 'டாட்டா' காட்ட ஓடுகிறது... வாசலிலேயே நடந்துவிடுகிற இந்த மாதிரி விபத்துகளைப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

நாங்கள் கடையில் ஒரு சோதனை செய்தோம். என்ஜினை அணைத்துவிட்டு, அக்கா மகளை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்து, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் தண்ணீர்க் குடத்தை வைத்துக் குழந்தை உயரத்துக்குக் கொண்டுவந்தோம். பானட்டை ஒட்டி வைத்தபோது ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்த்திக்கொண்டே போனோம். குடத்தின் வாய் கண்ணில் பட்ட இடத்தில் தரையில் செருப்பை வைத்து அடையாளம் செய்தோம். அவள் நம்பவில்லை, இறங்கி வந்து பார்த்துவிட்டு மறுபடியும் ஏறி உட்கார்ந்தாள். சீட்டை மேலே உயர்த்திக்கொண்ட பிறகு கொஞ்சம் கிட்டே தெரிந்தது. நம்மைப் போன்ற உயரம் குறைந்தவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஓட்டுகிறவர் அளவுக்குத்தான் சோதிக்க வேண்டும், வீட்டுக்காரர் அளவுக்கு அல்ல. நாலு பக்கமும் படம் காட்டும் கேமரா இரண்டு வண்டியிலும் மேல் ரகங்களில் உண்டு. வாங்க வசதியிருந்தால் அதை விடாதீர்கள். ஆனால் கேமராவில் சேறு படியும், மழைத்துளி நிற்கும். அக்கா மகள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். வண்டியைக் கிளப்பும்போது சின்னவள் யாராவது ஒருவர் இடுப்பில் இருக்க வேண்டும், அவர் வாசல்படியில் நின்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராமல் சாவியைத் தொடுவதில்லை.

நிறுத்திய வண்டிக்குள் குழந்தையை விட்டுப் போகாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். "ரெண்டே நிமிஷம்தானே, தூங்குது" என்று கடைக்குள் போகிறவர்களைப் பார்க்கிறேன். வெயிலில் கண்ணாடி ஏற்றிய வண்டி பத்து நிமிஷத்தில் அடுப்பாகிவிடும். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு சீக்கிரம் சூடேறும்.

அடுத்து, பெட்ரோலா டீசலா? இதில்தான் அந்த நோட்டுப் புத்தகம் கை கொடுத்தது. 2020 ஏப்ரல் முதல் வருகிற பி.எஸ்.6 டீசல் வண்டிகளில், புகைக் கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி ஒன்று இருக்கிறது. நம் வீட்டுச் சமையலறைச் சிம்னியில் எண்ணெய்ப் பிசுக்கு சேருகிற மாதிரி அதில் கரி சேரும். வண்டி நெடுஞ்சாலையில் கால் மணி, இருபது நிமிஷம் ஒரே சீராக ஓடினால் அது சூடாகித் தன் கரியைத் தானே எரித்துவிடும். தினமும் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கிலோமீட்டர், மார்க்கெட்டுக்கு ஒரு கிலோமீட்டர் என்று மட்டுமே ஓட்டினால் எரிக்கச் சந்தர்ப்பம் இல்லாமல் அடைத்துக்கொள்ளும்; விளக்கு எரியும், ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும். அக்கா மகளுக்கு வாரம் ஒருமுறை பெரம்பூர் பிரயாணம் இருப்பதால் டீசல் சரி. அம்பத்தூரில் என் சிநேகிதியின் மருமகள் இதே இரண்டு வண்டியைத்தான் பார்த்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடம், ஆபீஸ் எல்லாம் தெருக்கோடியில்; மாதக் கணக்கில் நெடுஞ்சாலை பார்க்க மாட்டாள். அவளுக்குப் பெட்ரோல்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். அப்போது சஃபாரியில் பெட்ரோல் கிடையாது, எக்ஸ்.யூ.வி.700-ல் உண்டு. அவள் விஷயம் அதோடு முடிந்தது.

"டீசல் போட்டால் மிச்சம் பிடிக்கலாமே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 500 கிலோமீட்டர். ஊருக்குள் இவ்வளவு பெரிய பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 9 என்றும், டீசல் 12 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 2024-ன் சென்னை விலையில் பெட்ரோல் சுமார் 100 ரூபாய், டீசல் சுமார் 92. பெட்ரோலுக்கு 5,550, டீசலுக்கு 3,830. மாதம் மிச்சம் 1,700 சொச்சம். டீசல் வண்டிக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அந்தப் பணம் திரும்ப ஐந்து வருஷம் பிடிக்கும். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இதே கணக்கு இரண்டு வருஷத்துக்குள் வந்துவிடும்.

பணம் என்றதும் நினைவு வருகிறது. கடையில் சொல்கிற விலை ஒன்று, ரோட்டுக்கு வரும்போது விலை வேறொன்று. நம் தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரியை உயர்த்தினார்கள். பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை நூற்றுக்குப் பதினெட்டு, இருபது லட்சத்தைத் தாண்டினால் இருபது. வண்டி விலை 19 லட்சத்து 90 ஆயிரம் என்றால் வரி 3,58,200. இருபதாயிரம் கூடி 20 லட்சத்து 10 ஆயிரம் ஆனால் வரி 4,02,000! கம்பளம், ஒட்டுப்படம் என்று ஏதாவது சேர்த்து ரசீது விலையை அந்தக் கோட்டுக்கு மேலே தள்ளிவிடாமல் பாருங்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஒரு சதவிகிதம் டி.சி.எஸ். என்று பிடிப்பார்கள். அது போய்விட்ட பணம் அல்ல. வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். அநேகம் வீடுகளில் ரசீதைத் தொலைத்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். 2025 செப்டம்பரில் பெரிய வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 50-லிருந்து 40 சதவிகிதமாகக் குறைந்தது, அந்த மட்டில் நல்ல காலம்.

இன்ஷூரன்ஸில் ஒன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது இந்த மாவட்டத்தில் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன! உயரமான வண்டி என்ற தைரியத்தில்தான் பலர் இறங்குகிறார்கள். என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. செய்தால் உள்ளே இரும்புத் தண்டு வளைந்து, செலவு லட்சத்தில் வரும். சாதாரண பாலிசியில் அதற்குப் பணம் கிடைப்பது கஷ்டம். என்ஜின் பாதுகாப்பு என்று தனியாகக் கொஞ்சம் பிரீமியம் கட்ட வேண்டும். எங்கள் பக்கத்துக்கு அது அவசியம். முன் டயர் பாதி முழுகுகிற தண்ணீர் என்றால், சகோதரி, திரும்பி வந்துவிடுங்கள்.

அக்கா மகள் கடைசியில் ஆறு சீட் சஃபாரி டீசலை எடுத்தாள். மாப்பிள்ளைக்கு மற்றதன் வேகத்தில் ஒரு கண். 200 குதிரை சக்தி பெட்ரோல் அது, சஃபாரி 170. "நம்ம ரோட்டுல நீங்க எங்கே 200 குதிரையை ஓட்டப் போறீங்க? தச்சூர் சிக்னல்ல நிக்கவா?" என்று அவள் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். அதிலேயே 2024-ல் வந்த ஆறு சீட்டை எடுத்திருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். இரண்டுக்கும் நடுவில் அவள் தராசைச் சாய்த்தது குழந்தைக்கான அந்த ஒரு நட்சத்திரம்தான்.

இப்போது பார்க்கிறவர்களுக்குச் சாமான்கள் மாறியிருக்கின்றன. 2026 தொடக்கத்தில் எக்ஸ்.யூ.வி.700 இருந்த இடத்துக்கு 7எக்ஸ்.ஓ. என்று புதுப் பெயரில் வண்டி வந்தது; சஃபாரியிலும் பெட்ரோல் வந்துவிட்டது. ஆகவே 'பெட்ரோல் வேண்டுமென்றால் இது, டீசல் வேண்டுமென்றால் அது' என்று நான் அம்பத்தூர்ப் பெண்ணுக்குச் சொன்ன பதில் இனி செல்லாது. நட்சத்திரம் எந்த வருஷத்தில், எந்த விதியில் வாங்கியது, அந்தப் புது உருவத்துக்கும் பொருந்துமா என்று கடையில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வண்டி டெலிவரி எடுக்கும் நாளில் எலுமிச்சம்பழம், மாலை எல்லாம் தயாராக இருக்கும். அதற்கு முன்னால் குழந்தை சீட்டை மாட்டச் சொல்லிவிடுங்கள். ஒரு வயது வரை, முடிந்தால் அதற்கு மேலும், குழந்தை பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். பிறகு முன்பக்கம். உயரம் சுமார் 135 சென்டிமீட்டர் வரும் வரைக்கும் அடியில் பூஸ்டர் வைத்துத்தான் பெரியவர்கள் பெல்ட்டைப் போட வேண்டும். இல்லாவிட்டால் பட்டை கழுத்தை அறுக்கும். வாங்கும்போது ஏ.ஐ.எஸ். 072 என்ற முத்திரையைப் பாருங்கள். பட்டைக்கும் குழந்தையின் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு விரல்தான் நுழைய வேண்டும். முதல் நாலு நாள் அழுது ஊரைக் கூட்டும். அக்கா மகளின் சின்னவளும் அழுதாள். ஐந்தாம் நாள் ஒரு முறுக்கைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார்கள், இப்போது அவளே ஏறி உட்கார்ந்து, "பாட்டி, பெல்ட்டு!" என்று சம்பந்தியம்மாவை அதட்டுகிறாள்.